திரையில் 20 விநாடி, கடிகாரத்தில் 7 நிமிடம்

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பென் டிரைவில் காப்பி, படுத்துவிட்ட லேப்டாப்புக்கு மறுபடி விண்டோஸ் போடுவது என்று எல்லாம் கலந்த கடை. போன தை மாதம், முகூர்த்தம் மும்முரமாக இருந்த வாரத்தில், பென்னாகரத்துத் தம்பி ஒருவர் வந்தார். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் உதவியாளராக இருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். கல்யாண வீட்டார் காத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்கு இன்னும் ஏழெட்டு நிமிடம்தான்.

காப்பி போட்டேன். பச்சைக் கோடு நன்றாக ஓடியது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது 91 சதவீதம், மீதி 20 விநாடி என்று காட்டியது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பென் டிரைவைப் பிடுங்கத் தயாராக நின்றார். கோடு அங்கேயே நின்றுவிட்டது. 20 விநாடி ஒரு நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் மூன்று நிமிடம் ஆனது.

"ஹேங் ஆயிடுச்சாண்ணா?"

"இல்ல தம்பி, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்புறம் ஏண்ணா 20 செகண்டுன்னு பொய் சொல்லுது?"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். பஸ்ஸைப் பிடிக்க நிற்பவரிடம் பாடம் எடுக்கக் கூடாது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பெயர் புரோகிரஸ் பார். அது நிரம்ப இரண்டு எண்கள் போதும்: மொத்தம் எவ்வளவு, இதுவரை முடிந்தது எவ்வளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம் வந்துவிடும். இந்தக் கணக்குக்குள் நேரம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? பாதிக் கோடு நிரம்பினால் பாதி நேரம் போய்விட்டது என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் மாசி, பங்குனியில் புளி வந்து இறங்கும். வாசலில் கொட்டி, ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுக்கும் வேலை நாள் முழுக்க நடக்கும். "எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்டால் "பாதி மூட்டை ஆச்சு" என்பார் அம்மா. அது எடைக் கணக்கு. மேலே இருந்தது நன்றாகக் காய்ந்த புளி என்றால் பாதி மூட்டை மளமளவென்று முடிந்திருக்கும். அடியில் ஈரம் போகாமல், ஓடு ஒட்டிக்கொண்டு கிடப்பது வந்துவிட்டால் மீதிப் பாதிக்கு ராத்திரி ஆகிவிடும். அம்மா சொன்ன பாதியில் தப்பே இல்லை. காலையில் ஆரம்பித்தது மத்தியானம் பாதி, அப்படியென்றால் சாயங்காலம் முடிந்துவிடும் என்று நான் போட்ட கணக்குதான் தப்பு. திரையில் வரும் "மீதி 20 விநாடி" நான் போட்ட அந்தக் கணக்கு மாதிரி. சதவீதம் அம்மா சொன்னது மாதிரி. இரண்டும் ஒரே பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் இரண்டுக்கும் ஒரே மாதிரி மதிப்புக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, அந்தக் கல்யாண ஃபோல்டருக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க எண்களைக் கொஞ்சம் உருட்டிக்கொள்கிறேன். 4,000 எம்பி அளவில் ஒரே ஒரு வீடியோ. கூடவே ஒரு குட்டி ஃபோல்டர், அதற்குள் 20,000 சின்னச் சின்னக் கோப்புகள். எடிட்டிங் மென்பொருள் தன் வசதிக்காக உருவாக்கி வைத்துக்கொள்ளும் முன்னோட்டப் படங்கள் அவை. ஒவ்வொன்றும் 20 கேபி. எல்லாம் சேர்த்து 400 எம்பிதான். ஆக மொத்தம் 4,400 எம்பி. (பென் டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை அதில் போடவே முடியாது. இந்த வீடியோ மயிரிழையில் தப்பித்தது. அது வேறு கதை.)

பென் டிரைவ் விநாடிக்கு 20 எம்பி எழுதும் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவுக்கு 4,000 வகுத்தல் 20, அதாவது 200 விநாடி, 3 நிமிடம் 20 விநாடி. அது முடிந்தபோது 4,400-இல் 4,000 போய்விட்டது, 91 சதவீதம். மீதி 400 எம்பி, அதே வேகத்தில் 20 விநாடி. திரை சொன்னது இதைத்தான். கணக்கில் ஓட்டையே இல்லை.

ஆனால் சின்னக் கோப்பு அந்த வேகத்தில் போகாது. ஏன் என்பதற்கு என் ஜெராக்ஸ் மெஷினையே பாருங்கள். கல்லூரிப் பிள்ளை ஒருவர் 100 பக்க நோட்ஸைக் கொடுத்தால் கட்டாக மேலே வைத்துப் பட்டனை அழுத்திவிட்டு நான் டீ குடிக்கலாம். அதே 100 பக்கம், 100 பேரிடமிருந்து ஆளுக்கொரு ஆதார் அட்டையாக வந்தால்? ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கி, மூடியைத் திறந்து, நேராக வைத்து, "முன்னாடி பின்னாடி ரெண்டும் வேணுமா?" என்று கேட்டு, காசு வாங்கி, சில்லறை தேடிக் கொடுத்து, மறக்காமல் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காகிதம் அதே நூறுதான். காகிதம் ஓடும் நேரத்தைவிட மற்றதற்குத்தான் நேரம்.

கோப்பு விஷயத்திலும் அதேதான் நடக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் பழைய இடத்தில் அதைத் திறக்க வேண்டும். புதிய இடத்தில் அதே பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் ஒதுக்கி, பெயரையும் தேதியையும் பட்டியலில் எழுதி, உள்ளடக்கத்தை எழுதி, மூட வேண்டும். நடுவில் ஆன்ட்டி வைரஸ் ஒவ்வொன்றையும் மோப்பம் பிடித்துவிட்டுத்தான் விடும். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னொரு தொல்லை. நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் வட்டு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி எடுக்கும். படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் தனக்குக் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய வீடியோ என்றால் ஒருமுறை போய் உட்கார்ந்தால் தொடர்ந்து படித்துக்கொண்டே போகலாம். 20,000 கோப்புகள் ஆளுக்கொரு மூலையில் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் அந்த நடை. பென் டிரைவில் சுற்றும் வட்டு கிடையாது, ஆனாலும் அதற்கு வேறு வியாதி. ஏற்கெனவே எழுதிய இடத்தில் மறுபடி எழுத வேண்டுமானால் அந்தப் பகுதியை மட்டும் தொட முடியாது, ஒரு பெரிய பாளத்தையே அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். துண்டு துண்டாக எழுதச் சொன்னால் மலிவான பென் டிரைவ்கள் திணறுவது இதனால்தான்.

இந்த எடுபிடி வேலைக்கு ஒரு கோப்புக்கு 20 மில்லி விநாடி என்றே வைப்போம். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. 20,000 கோப்புகளுக்கு 400 விநாடி. எழுதுவதற்கான 20 விநாடியைச் சேர்த்தால் 420, சரியாக 7 நிமிடம். 91 சதவீதத்துக்கு 3 நிமிடம் 20 விநாடி, மீதி 9 சதவீதத்துக்கு 7 நிமிடம்!

இதையே திருப்பிப் போட்டால் வேடிக்கை இன்னும் கூடும். சின்னக் கோப்புகள் முதலில், வீடியோ கடைசியில் என்று கம்ப்யூட்டர் வரிசை போட்டிருந்தால் ஏழு நிமிடம் கழித்தும் 9 சதவீதம்தான் காட்டியிருக்கும். இதே வேகத்தில் போனால் மீதிக்கு எவ்வளவு என்று அது கணக்குப் போட்டால் 70 நிமிடம் வரும். தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். உண்மையில் மூன்றரை நிமிடம்கூட ஆகாது. அதே ஃபோல்டர், அதே பென் டிரைவ், அதே மொத்த நேரம்; ஒரு வரிசையில் 20 விநாடி என்கிறது, இன்னொரு வரிசையில் 70 நிமிடம் என்கிறது.

அப்படியானால் எம்பியை விட்டுவிட்டுக் கோப்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கோட்டை நகர்த்தலாமே என்று தோன்றும். சில மென்பொருள்கள் அப்படித்தான் செய்கின்றன. நம் ஃபோல்டரில் மொத்தம் 20,001 கோப்பு. வீடியோ முதலில் போனால் 3 நிமிடம் 20 விநாடிக்குக் கோடு அசையவே அசையாது, ஏனென்றால் ஒரு கோப்புகூட இன்னும் முடியவில்லை. வீடியோ கடைசியில் போனால் 99-ஐத் தொட்டுவிட்டு அதே 3 நிமிடம் 20 விநாடி கல்லாக நிற்கும். எடையால் அளந்தாலும் எண்ணிக்கையால் அளந்தாலும் ஏதோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். இரண்டையும் கலந்து, கோப்புக்கு இவ்வளவு, எம்பிக்கு இவ்வளவு என்று தனித்தனியாக அளந்தால் ஓரளவு சரியாக வரும். அதற்கு முதலில் ஃபோல்டர் முழுவதையும் எண்ண வேண்டும். காப்பி தொடங்குமுன் விண்டோஸ் கொஞ்ச நேரம் கணக்கிட்டுக்கொண்டே நிற்பது அந்த எண்ணிக்கைக்காகத்தான். எண்ணுவதற்கே நேரம் ஆனால் "காப்பியை ஆரம்பிக்காம என்னத்த எண்ணிக்கிட்டு இருக்கு?" என்று அதற்கும் திட்டு விழும்.

இன்னொன்று, வேகம் ஒரே மாதிரி இருக்காது. தருமபுரியில் ஏறிப் பெங்களூரு போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். காரிமங்கலம், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, சூளகிரி என்று நெடுஞ்சாலையில் பஸ் பறக்கும். ஓசூர் வரும்போது தூரத்தில் சுமார் 70 சதவீதம் முடிந்திருக்கும். வீட்டுக்குப் போன் போட்டு "இன்னும் அரை மணி நேரத்துல வந்துடுவேன்" என்று சொல்பவர் ஊருக்குப் புதியவர். பழகியவர் "ஓசூர் தாண்டிட்டேன்" என்று மட்டும் சொல்வார், நேரம் சொல்ல மாட்டார். அத்திப்பள்ளிக்கு அப்புறம் என்ன நடக்கும் என்பது அங்கே போனால்தான் தெரியும்.

மீதி நேரத்தைச் சொல்ல வேண்டிய மென்பொருளுக்கும் அதே குழப்பம். புறப்பட்டதிலிருந்து இதுவரையுள்ள சராசரி வேகத்தை எடுப்பதா, கடைசிச் சில விநாடிகளின் வேகத்தை எடுப்பதா? முழுச் சராசரி எடுத்தால் சாலை மாறியது அதற்கு உறைக்கவே நேரம் ஆகும். நம் தம்பிக்கு 20 விநாடி மெதுவாக ஊதிப்போனது அப்படித்தான். கடைசி விநாடியை மட்டும் எடுத்தால் எண் பேயாட்டம் ஆடும், 2 நிமிடம், 40 நிமிடம், 10 விநாடி, மறுபடி 1 மணி நேரம் என்று. அதனால் பெரும்பாலும் இரண்டையும் கலப்பார்கள். பழைய மதிப்பீட்டுக்குக் கொஞ்சம் கனம், இப்போதைய வேகத்துக்குக் கொஞ்சம் கனம். எதற்கு எவ்வளவு என்பது எழுதுபவர் கைப்பக்குவம். எப்படிக் கலந்தாலும் கையில் இருப்பது கடந்து வந்த சாலையின் கணக்கு மட்டுமே.

இணையத்திலிருந்து இறக்கும்போது இது இன்னும் மோசம். முதலில் ஒரு சின்னத் தெளிவு. "40 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன், 5 தான் வருதுண்ணா" என்று மாதம் இரண்டு பேராவது கடைக்கு வருகிறார்கள். கம்பெனி சொல்லும் 40 பிட் கணக்கு, திரை காட்டும் 5 பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. யாரும் ஏமாற்றவில்லை. அந்த 5 எம்பி குறையாமல் வந்தால் 600 எம்பி கேம் ஒன்று இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும்.

குறையாமல் வராது என்பதுதான் சிக்கல். அனுப்பும் பக்கத்துக்கு வழியில் எவ்வளவு நெரிசல் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் கொஞ்சமாக ஆரம்பித்து, போய்ச் சேர்ந்ததாகப் பதில் வர வர அளவைக் கூட்டும். வழியில் எதுவும் தொலைந்தால் சட்டென்று குறைத்துக்கொள்ளும். இந்த அடக்கம் இணையத்துக்குப் பட்ட பிறகு வந்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அதற்கு 400 கெஜ தூரத்தில் இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே விநாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு, நெரிசலால் விநாடிக்கு 40 பிட்டாக விழுந்தது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் முட்டி மோதியதன் விளைவு. அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய முறைகளின் வழித்தோன்றல்கள்தாம் இன்றும் நம் போனுக்குள் ஓடுகின்றன. வேகம் ஏறி இறங்குவது பழுதல்ல, அதன் இயல்பே அப்படி. அதற்கு மேல், சேலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து படம் இறக்குகிறவர் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டவர் மாறும், சிக்னல் இளைக்கும். வளைவு வரப்போகிறது என்று போனுக்கு எப்படித் தெரியும்?

மொத்தம் எவ்வளவு என்பதே தெரியாத நேரமும் உண்டு. சில சர்வர்கள் தகவலை அப்போதைக்கப்போது தயாரித்து அனுப்பும், முழு அளவை முதலில் சொல்லாது. மொத்தம் தெரியாவிட்டால் வகுக்க எண் இல்லை, சதவீதமும் இல்லை. அப்போதுதான் கோட்டுக்குப் பதிலாக வட்டம் சுற்றும், அல்லது ஒரு பட்டை இடமும் வலமும் ஊஞ்சல் ஆடும். என்னைக் கேட்டால் திரையில் வருவதிலேயே நேர்மையானது அந்த வட்டம்தான். "செய்கிறேன், எப்போது முடியும் என்று தெரியாது" என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஆட்களுக்கு அதைப் பிடிப்பதில்லை.

மென்பொருள் நிறுவும்போது வரும் கோடு வேறு வகை. அங்கே எம்பியோ எண்ணிக்கையோ இல்லாமல் பெரும்பாலும் படிகளை வைத்துத்தான் கணக்கு. கோப்புகளை விரிப்பது ஒரு படி, பழைய பதிப்பை நீக்குவது ஒரு படி, அமைப்புகளை எழுதுவது ஒரு படி, டெஸ்க்டாப்பில் ஐகான் வைப்பது ஒரு படி. பத்துப் படி இருந்தால் படிக்குப் பத்துச் சதவீதம். ஐகான் வைக்க அரை விநாடி, விரிப்பதற்கு நான்கு நிமிடம் என்றாலும் இரண்டுக்கும் ஒரே பத்து. எழுதியவர் தன் மெஷினில் ஒவ்வொரு படியையும் அளந்து சரியான பங்கு கொடுத்திருந்தாலும் என் கடைக்கு வந்தால் அது உதவாது. இங்கே எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்ட புது மெஷினும் இருக்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கோடு முனகும் மெஷினும் இருக்கிறது. இரண்டுக்கும் பொருந்தும் அளவுகோல் செய்ய வேண்டுமானால் அதற்குச் செலவாகும் நாட்களில் அவர் மென்பொருளில் இருக்கும் நாலு பிழையைத் திருத்திவிடலாம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோடு நூறைத் தொட்ட பிறகு மறுபடி சைபரிலிருந்து தொடங்கும் நிறுவல்களை மன்னிக்க எனக்கு மனமில்லை. முதல் கோடு முதல் படிக்கு மட்டும்தானாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

99-இல் நிற்பதற்கு வருவோம், எல்லோரும் கேட்பது அதைத்தான். காரணம் ஒன்றில்லை. எண்ணக்கூடிய வேலை எல்லாம் முடிந்துவிடும்; எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்ட வேலை மிச்சம் இருக்கும். இறக்கிய கோப்பு உடையாமல் வந்ததா என்று சரிபார்ப்பது, தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் அப்போது நடக்கும். அது வரையில் 100 என்று காட்டிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே 99-இல் பிடித்து வைக்கிற மென்பொருள்களும் உண்டு. அதோடு 99.1-ஐயும் 99.9-ஐயும் பல திரைகள் 99 என்றுதான் காட்டும்.

99-இல் நிற்பதாவது பரவாயில்லை. 100 என்று சொல்லிவிட்டு வேலை பாக்கி இருப்பதுதான் ஆபத்து, அதை நான் பட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு கடையில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட ஒரு பழைய மெஷின் இருந்தது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை எடுத்துப்போக வந்த ஒரு கல்லூரி மாணவிக்குக் காப்பி போட்டேன். மூன்றே விநாடியில் கோடு நிரம்பி மறைந்துவிட்டது. பின்னால் வரிசையில் ஆள் நிற்க, பென் டிரைவைப் படக்கென்று பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்தார். கோப்பின் பெயர் இருந்தது, உள்ளே சைபர் பைட்.

"உங்கள நம்பித்தானேண்ணா எடுத்துட்டுப் போனேன்?"

அதற்கு என்ன பதில் சொல்வது? காசைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி ஏற்றிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது என்றால், லாரியிலிருந்து மூட்டையை இறக்கி மண்டித் திண்ணையில் அடுக்கியவுடன் லாரிக்காரருக்கு வேலை முடிந்தது. திண்ணையிலிருந்து உள்ளே குடோனுக்குச் சுமக்கும் வேலை அதற்கப்புறம்தான். கம்ப்யூட்டரும் பென் டிரைவுக்குப் போக வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது வேகமான இடம் என்பதால் கோடு சட்டென்று நிரம்புகிறது. பின்னணியில் மெதுவாகப் பென் டிரைவுக்கு எழுதுகிறது. நான் குடோனைப் பூட்டியபோது மூட்டை திண்ணையில் இருந்தது. எஜெக்ட் கொடு, எஜெக்ட் கொடு என்று சொல்வது இதற்குத்தான். அதை அழுத்தினால் திண்ணையில் உள்ளதெல்லாம் உள்ளே போன பிறகே விடும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஒரு பதிப்பிலிருந்து பென் டிரைவ்களுக்கு இப்படித் திண்ணையில் வைக்கும் பழக்கத்தை இயல்பாகவே நிறுத்திவிட்டார்கள். நான் இன்றும் எஜெக்ட் கொடுக்காமல் எடுப்பதில்லை.

விண்ணப்பங்களுக்குச் சான்றிதழ் ஏற்றும்போது 100 ஆன பிறகும் பக்கம் சுற்றிக்கொண்டே இருப்பதும் இதன் தம்பிதான். கோப்பு நம் பக்கமிருந்து கிளம்பியதைத்தான் கோடு அளக்கிறது. அந்தப் பக்கம் அதை வாங்கி, சோதித்து, சேமித்துப் பதில் சொல்லும் நேரம் கோட்டில் இல்லை. பொறுக்காமல் மறுபடி அழுத்தினால் சில தளங்களில் விண்ணப்பம் இரண்டாகப் பதிவாகும், அப்புறம் அதைச் சரிசெய்ய ஒரு நாள் அலைய வேண்டும்.

இவ்வளவு கோளாறு இருந்தும் ஏன் கோட்டை வைத்திருக்கிறார்கள்? 1985-இல் பிராட் மையர்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் சதவீதம் காட்டும் கோடுகளைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். கோடு இருக்கும் மென்பொருளையே ஆட்கள் விரும்புகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால் மனம் அடங்குகிறது. என் கடையிலும் பார்க்கிறேன், கோடு நகர்ந்தால் பத்து நிமிடம்கூடப் பேசாமல் நிற்பவர், திரை அசையாமல் இருந்தால் ஒரு நிமிடத்தில் மௌஸைப் பிடுங்க வருகிறார்.

2007-இல் கிறிஸ் ஹாரிசன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இன்னொன்றைச் சோதித்தார்கள். ஒரே கால அளவு ஓடும் கோடுகளை வெவ்வேறு விதமாக நகர்த்திக் காட்டி எது சீக்கிரம் முடிந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டார்கள். முதலில் மெதுவாகப் போய்க் கடைசியில் வேகம் எடுக்கும் கோடு குறைந்த நேரம் ஆன மாதிரி தெரிந்தது. கடைசியில் தேங்கி நிற்பது எரிச்சலைக் கூட்டியது. 2010-இல் அவர்கள் செய்த அடுத்த ஆய்வில், கோட்டுக்குள் அலைகள் பின்னோக்கி ஓடுவதுபோல வரைந்தால் நேரம் சுமார் 11 சதவீதம் குறைந்த மாதிரி தோன்றுகிறது என்று கண்டார்கள். வேலை அதே வேகம்தான், கண்ணுக்குத்தான் வித்தை.

இந்த வித்தையை இன்னும் கொஞ்சம் இழுத்தால் முழுப் பொய்யில் வந்து நிற்கும். பல இணையதளங்களில் பக்கத்தின் மேலே மெல்லிய கோடு ஒன்று ஓடுமே, அவற்றில் பல எதையும் அளப்பதில்லை. தொடங்கியதும் வேகமாகக் கொஞ்ச தூரம் போகும், அப்புறம் இளைத்து இளைத்து நகரும், பக்கம் வந்து சேர்ந்ததும் ஒரே பாய்ச்சலில் முடியும். வெறும் அசைவுப் படம். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை, இரண்டு விநாடி விஷயம். ஆனால் ஒருவர் பஸ்ஸைப் பிடிப்பதா விடுவதா என்று அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கிற இடத்தில் கூடாது. அந்த விதத்தில் 2012-இல் விண்டோஸ் 8 செய்த மாற்றம் எனக்குப் பிடிக்கும். காப்பிப் பெட்டியில் வேகத்தை மலை போல ஒரு வரைபடமாகக் காட்டத் தொடங்கினார்கள். அந்த மலை உயரமாகத் தட்டையாக ஓடினால் பெரிய கோப்பு போகிறது. பாதாளத்தில் விழுந்து தரையோடு ஊர்ந்தால் பொடிக் கோப்புகள் வந்துவிட்டன. மீதி நேரம் என்று எழுதியிருப்பதை நான் பார்ப்பதே இல்லை. மலையையும், இன்னும் எத்தனை கோப்பு மிச்சம் என்ற எண்ணையும் மட்டும்தான் பார்க்கிறேன்.

பொடிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் முதலில் மெஷினிலேயே ஜிப் போட்டு ஒரே கோப்பாகக் கட்டிவிட்டு அப்புறம் பென் டிரைவில் ஏற்றுவதும் உண்டு. நூறு ஆதார் அட்டையை ஒரே கட்டாக்கி மெஷினில் வைக்கிற மாதிரி. அன்று அவசரத்தில் அதைச் செய்யவில்லை, ஃபோல்டருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தும் பார்க்கவில்லை.

பத்து நிமிடம் 20 விநாடியில் காப்பி முடிந்தது. எஜெக்ட் கொடுத்துப் பென் டிரைவை நீட்டும்போது கேட்டேன்.

"உள்ளே 20,000 குட்டி ஃபைல் இருக்கே, அது எதுக்கு தம்பி?"

திரையை எட்டிப் பார்த்தார்.

"அது எடிட்டிங் ஃபோல்டர்ண்ணா, சும்மா ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அவங்களுக்கு வீடியோ மட்டும்தான் வேணும்."

வீடியோ மூன்று நிமிடம் 20 விநாடியிலேயே பென் டிரைவுக்குள் போய்விட்டிருந்தது. பஸ் போய் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது.